கடைமடைக்கு எண்ணெய் போய்ச் சேருதா?

பழைய அமெரிக்க வி8 இன்ஜினைப் பிரிச்சுக் கட்டுறவங்க போடுற வீடியோக்கள்ல ஒரு காட்சி தவறாம வந்துடும். கட்டி முடிச்ச இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் பண்ணுவாங்க. கேமரா நேரா ஆயில் பிரஷர் மீட்டருக்குப் போகும். முள்ளு 80-ல நிக்கும். கட்டினவர் முகத்துல அப்படி ஒரு பூரிப்பு. "எண்பது பி.எஸ்.ஐ! இனிமே இந்த இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது."

ஆகும் சார். நல்லாவே ஆகும்.

அந்த மீட்டர் இன்ஜின்ல ஒரே ஒரு இடத்து அழுத்தத்தை மட்டும்தான் காட்டுது. அங்கேருந்து எண்ணெய் எந்தப் பக்கம் எவ்வளவு பிரியுது, போனது திரும்பி வருதா, வழியில யாராவது மறிச்சுக் குடிச்சுடுறாங்களா, இதெல்லாம் அந்த முள்ளுக்குத் தெரியாது. அணையில தண்ணி ததும்புதுங்கிறதை வெச்சு கடைமடை வயல் பாஞ்சிருக்கும்னு எந்த விவசாயியாவது நம்புவாரா? இன்ஜின் விஷயத்துல மட்டும் கெட்டிக்காரங்களே நம்பிடுறாங்க.

ஆயில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குறதே இல்ல. ஒரு சுத்துக்கு இவ்வளவுன்னு எண்ணெயைத் தள்ளுறதோட அது வேலை முடிஞ்சுது. தள்ளின எண்ணெய் வெளியே போக வழி குறுகலா இருந்தா அழுத்தம் ஏறும், வழி அகலமா இருந்தா இறங்கும். எல்லா வழியையும் அடைச்சுட்டா முள்ளு ரிலீஃப் வால்வு திறக்கிற அளவுக்கு ஏறி அங்கேயே கம்பீரமா நிக்கும். இன்ஜின் மட்டும் செத்துப் போயிருக்கும்.

அதோட இன்னொரு கணக்கு. பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி வழியா கசியுற எண்ணெயோட அளவு, அந்த இடைவெளியோட மும்மடிக்கு ஏத்த மாதிரி கூடும். இடைவெளி 10 சதவீதம் அகலமானா கசிவு 33 சதவீதம் கூடும். இரண்டு மடங்கு அகலமானா எட்டு மடங்கு. லிஃப்டர் அதோட குழிக்குள்ள கொஞ்சம் தளர்வா ஆடுனா என்ன ஆகிடப் போகுதுன்னு விடுறவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். ஒரு வி8-ல அப்படி 16 லிஃப்டர் இருக்கு.

சரி, யாருக்கெல்லாம் எண்ணெய் வேணும்?

கேம் ஷாஃப்ட் சுத்துது. அது மேல லிஃப்டர் ஏறி இறங்குது. லிஃப்டர் புஷ்ராடைத் தள்ளுது, புஷ்ராடு ராக்கர் ஆர்மை ஆட்டுது, ராக்கர் வால்வை அமுக்குது, வால்வு ஸ்பிரிங் அதைத் திரும்ப மேல இழுக்குது. (நம்ம ஊர் மெக்கானிக் காதை வெச்சுக் கேட்டு "டேப்பட் சத்தம்ணே"ன்னு சொல்றது இந்தக் கூட்டத்தோட சத்தத்தைத்தான்.) கிராங்க் நிமிஷத்துக்கு 8000 தடவை சுத்தும்போது ஒவ்வொரு வால்வும் 4000 தடவை திறந்து மூடுது. வினாடிக்குக் கிட்டத்தட்ட 67 தடவை.

இந்தக் கூட்டத்துல ஆளாளுக்கு ஒரு பசி. கேம் பேரிங்குக்கு அழுத்தத்தோட எண்ணெய் வேணும், ஆனா கொஞ்சம் போதும். ஹைட்ராலிக் லிஃப்டருக்கு உள்ள எண்ணெய் நிறைஞ்சே இருக்கணும், அதுவும் நுரை இல்லாத எண்ணெய். ராக்கருக்குச் சொட்டு சொட்டா வந்தா போதும், ஆனா நிக்கவே கூடாது. கேமோட மேடும் லிஃப்டரோட அடியும் உரசுற இடம்தான் இருக்கிறதுலயே கொடூரமான இடம். பழைய புஷ்ராடு இன்ஜின்கள்ல அதுக்குன்னு தனிக் குழாயே கிடையாது, கிராங்க் சுத்தும்போது தெறிக்கிற எண்ணெயை நம்பித்தான் பொழைப்பு. அதனாலதான் தட்டை அடி லிஃப்டர் போட்ட புது கேமை முதல் தடவை ஓட்டும்போது ஐட்லிங்ல விடாம, 2000 ஆர்.பி.எம்.முக்கு மேல வெச்சு இருபது முப்பது நிமிஷம் ஓட விடுவாங்க. ஐட்லிங்ல கிராங்க் போதுமான எண்ணெயைத் தெறிக்கவே தெறிக்காது.

வால்வு ஸ்பிரிங்குக்கு ஏன் எண்ணெய்னு கேட்டா நிறைய பேர் முழிப்பாங்க. அது எதுவும் சுத்தலையே, உரசலையே? அதைப் பிறகு பார்ப்போம். இந்தக் கதையில நிறைய பேர் கவுந்தது அங்கேதான்.

இத்தனை பேரும் ஒரே பம்பை நம்பி இருக்காங்க. கீழ கிராங்க்கோட மெயின் பேரிங்கும், பிஸ்டன் ராடு பேரிங்கும் உட்கார்ந்திருக்கு. அதுங்களுக்கு எண்ணெய் ஒரு கணம் நின்னா இன்ஜின் சீஸ். ஆக, யாருக்கு முதல் பங்கு?

இந்தக் கேள்விக்கு ஃபோர்டு கம்பெனி ஒரு தடவை தப்பாப் பதில் சொல்லி, திருத்தி, அப்புறம் வேற ஒரு இன்ஜின்ல மறுபடியும் தப்பாச் சொன்ன கதை சுவாரசியமானது.

1963-ல ஃபோர்டு 427 வந்துது. எஃப்.இ. குடும்பத்து இன்ஜின், 7 லிட்டர், ரேஸுக்குன்னே பொறந்தது. ஆரம்பத்துல வந்த பிளாக்குகளை 'டாப் ஆய்லர்'னு சொல்வாங்க. பம்பிலிருந்து வர்ற எண்ணெய் முதல்ல மேல ஏறி கேமையும் வால்வுப் பக்கத்தையும் கவனிச்சுட்டு, அப்புறம்தான் கீழ கிராங்க்குக்கு வரும். சாதாரண ரோட்டுல ஓடுற காருக்கு இது ஒரு குறையே இல்ல. மணிக்கணக்கா உச்ச வேகத்துல ஓடுற நாஸ்கார் ரேஸுக்கு? மேல்மடைக்காரன் பாய்ச்சினது போக மிச்சம்தான் கிராங்க்குக்கு.

1965-ல 'சைடு ஆய்லர்' வந்துது. பிளாக்கோட பக்கவாட்டுல, கீழே, தனியா ஒரு பெரிய எண்ணெய்க் கால்வாய். அதுல வர்ற எண்ணெய் முதல்ல மெயின் பேரிங்குகளுக்கு, பிறகுதான் கேமுக்கும் மேல இருக்கிறவங்களுக்கும். அந்தக் கால்வாய்க்காக பிளாக்கோட பக்கத்துல ஒரு புடைப்பு ஓடும். பழைய கார்ச் சந்தையில வாங்க வர்றவங்க முதல்ல தேடிக் குனிஞ்சு பார்க்கிறது அதைத்தான். 1966-ல லே மான் 24 மணி நேர ரேஸ்ல முதல் மூணு இடத்தையும் பிடிச்ச ஃபோர்டு ஜி.டி.40 மார்க் 2 கார்கள்ல இருந்தது 427தான். 24 மணி நேரம் ஓடி முடிக்கிறதுக்கு, எண்ணெயை யாருக்கு முதல்ல கொடுக்கிறதுங்கிற முடிவும் ஒரு காரணம்.

(அந்த ரேஸைப் பத்தி ஹாலிவுட்ல படமே எடுத்தாச்சு. எண்ணெய்க் கால்வாயைப் பத்தி அதுல ஒரு நிமிஷம்கூட வரலைன்னு குறைப்பட்டுக்கிறவங்க உலகத்துல ரொம்பக் குறைவு. இந்தப் பதிவை எழுதுற ஆள் அதுல ஒருத்தர்.)

அப்போ மேல இருக்கிற ராக்கர்கள் காய்ஞ்சு போச்சான்னு கேட்டா, அதுவும் இல்ல. எஃப்.இ. இன்ஜின்ல ஒவ்வொரு ஹெட்லயும் ஒரு நீளமான ராக்கர் ஷாஃப்ட் இருக்கு. குழாய் மாதிரி உள்ள வெற்றிடம். கேம் பேரிங் பக்கத்திலிருந்து ஹெட் வழியா எண்ணெய் மேல ஏறி அந்த ஷாஃப்டுக்குள்ள நிறைஞ்சு, ஒவ்வொரு ராக்கருக்கும் பிரியும். பல இன்ஜின் கட்டுறவங்க சொல்ற புகார் இங்க எண்ணெய் பத்தலைங்கிறதே இல்ல, அளவுக்கு மீறி வருதுங்கிறதுதான். ராக்கர் கவருக்குள்ள எண்ணெய் குளமா நிக்கும். கீழ சம்ப்ல (நம்ம ஊர்ல 'ஆயில் சேம்பர்') மட்டம் இறங்கும். பம்ப் ஒரு தடவை காத்தை உறிஞ்சும். ஒரு தடவை போதும்.

இதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வைத்தியம் அழகானது. ஹெட்ல எண்ணெய் ஏறி வர்ற துவாரத்துல மரை போட்டு, ஒரு கார்புரேட்டர் ஜெட்டை முறுக்கி வெச்சுடுவாங்க. ஜெட்ங்கிறது நடுவுல துல்லியமா துளை போட்ட சின்ன பித்தளைத் திருகு. பெட்ரோலை அளக்கச் செஞ்சது, இங்க எண்ணெயை அளக்குது. துளையோட விட்டம் பாதியானா பரப்பு கால்பங்காகும், அதே அழுத்தத்துல ஓட்டமும் கிட்டத்தட்ட கால்பங்கு. எண்ணெய் அதிகமாவோ குறைச்சலாவோ தெரிஞ்சா ஜெட்டை மாத்தினா போதும், இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்.

இவ்வளவு பாடம் படிச்ச அதே கம்பெனி 1970 மாடலுக்கு 351 கிளீவ்லேண்டைக் கொண்டு வந்துது. ஒஹாயோவுல கிளீவ்லேண்டுக்குப் பக்கத்துல இருக்கிற ஃபேக்டரியில செஞ்சதால அந்தப் பேர். ஹெட்டைப் பார்த்தா கண்ணு விரியும். பிரம்மாண்டமான வால்வுகள், சாய்வா வெச்சிருக்கிற கோணம், காத்து நுழையுற துவாரத்துல கையையே விடலாம் போல இருக்கும். இத்தாலியில டி டொமாசோ கம்பெனி தன்னோட பான்டெரா காருக்கு இந்த இன்ஜினைத்தான் வாங்கிப் பொருத்திச்சு. பாப் கிளிடன் 1970-கள்ல டிராக் ரேஸ்ல எதிராளிகளைக் கதற விட்டதும் கிளீவ்லேண்டோடதான்.

மேல இப்படி ஒரு தலை. கீழ எண்ணெய் போற வழி? பம்பிலிருந்து வர்ற எண்ணெய் வலதுபக்க லிஃப்டர் கேலரியை, அதாவது லிஃப்டர் வரிசை வழியா ஓடுற எண்ணெய்க் கால்வாயைக் கடந்துதான் பெரும்பாலான மெயின் பேரிங்குகளுக்குப் போகணும். அந்தக் கேலரியில எட்டு லிஃப்டர் வரிசையா உட்கார்ந்து ஏறி இறங்கிக்கிட்டு இருக்கு. ஒவ்வொண்ணும் தன்னைச் சுத்தி இருக்கிற இடைவெளி வழியா கொஞ்சம் கொஞ்சம் கசிய விடும். சொன்னோமே, மும்மடிக் கணக்கு. வேகம் கூடக் கூட மெயின் பேரிங்குக்குப் பசி கூடும், அதே நேரத்துல வழியில கசிவும் கூடும். மீட்டர் முள்ளு என்ன காட்டும்? நல்லாத்தான் காட்டும்.

கிராங்க்குப் பக்கம் இன்னொரு கொடுமை உண்டு. ராடு பேரிங்குக்கு எண்ணெய் போறது கிராங்க்குக்குள்ள துளைச்ச வழியா. சில கிராங்க்குகள்ல அந்தத் துளை ஜர்னலை (பேரிங்குக்குள்ள சுத்துற கிராங்க் பாகம்) ஊடுருவி நடு மையம் வழியாப் போகும். அப்போ எண்ணெய் வெளியிலிருந்து மையத்துக்குப் போகணும், கிராங்க்கோ அதைச் சுழட்டி வெளியே வீசப் பார்க்கும். ஜர்னல் விட்டம் சுமார் 62 மில்லிமீட்டர்னு வெச்சுக்கிட்டு 7000 ஆர்.பி.எம்.முக்குக் கணக்குப் போட்டா, வெறும் அந்த வீச்சைச் சமாளிக்கவே ஏறத்தாழ 32 பி.எஸ்.ஐ. வேணும். வேகம் இரண்டு மடங்கானா இது நாலு மடங்காகும். '1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ.'ன்னு அமெரிக்க ரேஸ் ஷெட்டுகள்ல சொல்ற வாய்ப்பாடு முழுக்க சரின்னு சொல்ல முடியாது. ஆனா அது சும்மா முளைச்சதும் இல்ல.

கிளீவ்லேண்டுக்கு ரேஸ்காரங்க செஞ்ச வைத்தியம் இரண்டு வகை. எளிமையானது, கேம் பேரிங்குகளுக்குப் பிரியுற வழிகள்ல சின்னத் துளை போட்ட அடைப்பான்களைத் தட்டி இறக்கிடுறது. ரெஸ்ட்ரிக்டர்னு கடையில செட்டாவே விக்கிறாங்க. கேம் பேரிங்குக்குத் தேவையானது போகும், மிச்சம் கிராங்க்குக்கே இருக்கும். இரண்டாவது, கொஞ்சம் செலவு பிடிக்கிறது. லிஃப்டர் குழிகளைப் பெருசாக்கி, உள்ள வெண்கலப் புஷ் இறக்கி, அந்தப் புஷ்ல ஒரு சின்ன ஓட்டை மட்டும் போடுறது. கேலரியில ஓடுற எண்ணெய் லிஃப்டரை அந்த ஓட்டை வழியா மட்டும்தான் தொட முடியும். மடையை உடைச்சு இழுக்கிற இடத்துல ஒரு மதகு வெச்ச மாதிரி. இரண்டாவது வைத்தியம்தான் நிஜமா நோயைத் தொடுது. முதலாவது மாத்திரை, அவ்வளவுதான். பணம் இருந்தா புஷ் போடுங்க.

செவ்ரலே பக்கம் வருவோம். 1955-ல வந்த ஸ்மால் பிளாக் வி8, 265 கன அங்குலம். அதுல ராக்கருக்கு எண்ணெய் போற வழி ரொம்ப சாமர்த்தியமானது. புஷ்ராடு உள்ளே குழாய். லிஃப்டருக்குள்ள வர்ற எண்ணெய் அந்தக் குழாய் வழியா மேல ஏறி ராக்கர்ல கொட்டிடும். ராக்கர் ஷாஃப்ட்டும் தேவையில்ல. தகட்டை அழுத்திச் செஞ்ச ராக்கர், ஒரு போல்ட்டு, நடுவுல ஒரு உருண்டை. இந்த உருண்டை ராக்கர் யோசனை கிளேட்டன் லீச்ங்கிற பாண்டியாக் இன்ஜினீயரோடது. செலவு கம்மி, எடை கம்மி, வேகமாச் சுத்தும். (அதே 1955 இன்ஜினோட முதல் வருஷத் தயாரிப்புல பிளாக்குல ஆயில் ஃபில்டருக்கே இடம் விடலை. எல்லாப் புத்திசாலித்தனத்தையும் ஒரே நாள்ல செலவு பண்ணக் கூடாதுன்னு நினைச்சாங்களோ என்னவோ.)

உருண்டை ராக்கருக்கு எண்ணெய் நல்லா வேணும். உருண்டைக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல வழுக்கிக்கிட்டு ஆடுது, எண்ணெய் இல்லேன்னா நீலம் பாரிச்சு எரிஞ்சுடும். ரேஸ்காரங்க அதைத் தூக்கிப் போட்டுட்டு ஊசி பேரிங் வெச்ச ரோலர் ராக்கர் மாட்டினாங்க. ஊசி பேரிங்குக்கு எண்ணெய் அவ்வளவு வேண்டாம். உடனே ஒரு யோசனை வருமே? மேல போற எண்ணெயைக் குறைச்சா கிராங்க்குக்கு மிச்சம், ஹெட்ல தேங்குறதும் குறையும். லிஃப்டர் கேலரி ஆரம்பிக்கிற இடத்துல, பிளாக்கோட பின்பக்கம், ஒன்றரை மில்லிமீட்டர் சுமாருக்குத் துளை வெச்ச ரெஸ்ட்ரிக்டர் இரண்டு. சாலிட் லிஃப்டர் இருக்கிற வரைக்கும் இது கேட்க நல்லாத்தான் இருக்கு. ஹைட்ராலிக் லிஃப்டர் வெச்சுக்கிட்டு இதைச் செஞ்சா லிஃப்டருக்கு உள்ள எண்ணெய் நிறையாம, தட்டுற தட்டுல தெருவே திரும்பிப் பார்க்கும்.

ஆனா ரெஸ்ட்ரிக்டர் போட்ட இன்ஜின்கள்ல வால்வு ஸ்பிரிங் உடைய ஆரம்பிச்சுது.

ஸ்பிரிங்கை அமுக்கி விட்டா அது போட்ட சக்தி முழுசையும் திருப்பித் தர்றதில்ல. கொஞ்சம் சூடா மாறிடும். ரேஸ் ஸ்பிரிங்குனா ஒண்ணுக்குள்ள ஒண்ணா இரண்டு, சில சமயம் மூணு. நடுவுல அதிர்வை அடக்க ஒரு தட்டைக் கம்பி வேற. ஒண்ணோட ஒண்ணு உரசும். அமெரிக்க ப்ரோ ஸ்டாக் டிராக் கார்கள்ல வால்வு முழுசா திறந்திருக்கும்போது ஸ்பிரிங் தள்ளுற விசை 1000 பவுண்டுக்கு மேல. இதை வினாடிக்கு அறுபது எழுபது தடவை செஞ்சா உண்டாகிற சூட்டை எடுத்துட்டுப் போறது யார்? தண்ணி அங்க வர்றதில்ல. மேல வர்ற எண்ணெய் மட்டும்தான். ராக்கருக்கு வேண்டாம்னு குறைச்ச எண்ணெய், கூடவே ஸ்பிரிங்குக்கும் குறைஞ்சுடுச்சு. சூடான ஸ்பிரிங் தளரும், தளர்ந்த ஸ்பிரிங் வால்வை நேரத்துக்கு மூடாது, கடைசியில உடையும். உடைஞ்சா வால்வு பிஸ்டன் மேல விழும். பிறகு பிரிக்கிறதுக்குப் பெருசா ஒண்ணும் இருக்காது.

நாஸ்கார் இன்ஜின் கட்டுறவங்க இதைத் தீர்த்த விதம்தான் இந்தத் துறையிலேயே நேர்த்தியானதுன்னு தோணுது. எல்லாருக்கும் ஒரே வழியில எண்ணெய் விடுறதையே விட்டுட்டாங்க. லிஃப்டருக்கு அளவா. ராக்கருக்கு அளவா. ஸ்பிரிங்குக்கு மட்டும் வால்வு கவருக்குள்ள தனியா ஒரு குழாய், ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் நேரா ஒரு பொடித் துளை. மெல்லிய பீச்சு நேரா ஸ்பிரிங் மேல அடிக்கும். 500 மைல் ரேஸுக்கு 358 கன அங்குல புஷ்ராடு இன்ஜினை 9000 ஆர்.பி.எம்.ல ஓட்டி முடிச்சதுக்கு இந்தப் பொடித் துளைகளும் காரணம். அதுவும் 2014 வரைக்கும் விதிப்படி தட்டை அடி லிஃப்டரோட. அதுக்கப்புறம்தான் ரோலர் லிஃப்டரை அனுமதிச்சாங்க.

பொடித் துளைன்னதும் ஐரோப்பாவுல நடந்தது ஒண்ணு. 1970-ல ஃபோர்டு கம்பெனியோட ஐரோப்பியப் பிரிவு 'பின்டோ'ன்னு பேர் வாங்கின நாலு சிலிண்டர் இன்ஜினைக் கொண்டு வந்துது. கேம் ஹெட்டு மேலயே. கேமுக்கு எண்ணெய் தெளிக்க மேல ஒரு மெல்லிய குழாய், ஒவ்வொரு மேட்டுக்கும் நேரா துளை. யோசனை நாஸ்கார் குழாய் மாதிரியேதான். ஆனா இது சாதாரண ஜனங்க கார். எண்ணெய் மாத்துறதைத் தள்ளிப் போடுவாங்க, கசடு சேரும், துளை அடைக்கும், கேம் மேடு தேஞ்சு போகும். இன்ஜின்ல பிரஷர் குறையவே குறையாது. (அடைப்பு இருந்தா பிரஷர் எப்படிங்க குறையும்?) பிரிட்டன்ல இந்த இன்ஜினைத் தொட்ட எந்த மெக்கானிக்கும் கேம் மாத்தினா கூடவே அந்தக் குழாயையும் மாத்திடுவார். குழாய் விலை சொற்பம், கேம் விலை அப்படி இல்ல.

எண்ணெய் மேல போற கதையே இவ்வளவு நீளம். திரும்பி வர்ற கதையை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. அதுக்குப் பம்ப் கிடையாது, வெறும் புவியீர்ப்பு. ஹை வால்யூம் பம்ப் மாட்டினா எல்லாம் சரியாப் போயிடும்னு நினைக்கிறவங்க மாட்டுறது இங்கதான். பெரிய பம்ப் எண்ணெயை மேல அனுப்பும், ஹெட்ல இருக்கிற வடிகால் ஓட்டை பழைய அளவுலயே இருக்கும். வளைவு நிறைந்த டிராக்ல இது இன்னும் மோசம். 90 டிகிரி வி8-ல ஒவ்வொரு பக்க சிலிண்டர் வரிசையும் 45 டிகிரி சாய்ஞ்சிருக்கு. ஒரு காரு வளைவுல 1 ஜி பக்கவாட்டு விசையோட திரும்பினா, எண்ணெயைப் பொறுத்தவரைக்கும் 'கீழ்'ங்கிற திசையே 45 டிகிரி வெளிப்பக்கமா சாய்ஞ்சுடும். வெளிப்பக்க வரிசைக்கு அப்போ அந்தத் திசை சிலிண்டர் அச்சுக்கு நேர் செங்குத்து. வடிகால் ஓட்டை இருக்கு, ஆனா அது வழியா இறங்க எண்ணெய்க்குக் காரணமே இல்ல. வளைவு முடியுற வரைக்கும் பம்ப் மேல ஏத்தும், ஒண்ணும் கீழ வராது. ரேஸ் டயர் போட்ட கார் 1 ஜி-யை அலட்சியமாத் தாண்டும்.

2006 செவ்ரலே கார்வெட் இசட்06-ல, 7 லிட்டர் எல்.எஸ்.7 இன்ஜினுக்கு, ஷோரூம் காருக்கே டிரை சம்ப் கொடுத்தது இந்தத் தலைவலிக்காகத்தான். எண்ணெயைத் தனி டேங்க்ல வெச்சுக்கிட்டு, கீழ விழுறதை இன்னொரு பம்ப் உறிஞ்சி அங்க அனுப்பும். ஹெட்ல கொஞ்சம் எண்ணெய் மாட்டிக்கிட்டாலும் டேங்க்ல கையிருப்பு இருக்கு. முதல்ல சுமார் 8 குவார்ட் பிடிச்ச அந்த அமைப்பை 2009-ல பத்தரைக்கு ஏத்தினாங்க. கையிருப்பு இன்னும் வேணும்னு அவங்களுக்கே பட்டிருக்கு.

டிரை சம்ப் வாங்க வசதி இல்லாதவங்களும் சும்மா இருந்துடலை. லிஃப்டர் இருக்கிற பள்ளத்தைத் தேய்ச்சு வழுவழுப்பாக்கி, கிளிப்டல்ங்கிற சிவப்பு பெயின்டை அடிப்பாங்க. மின் மோட்டாருக்குள்ள அடிக்கிற காப்பு பெயின்ட் அது. வார்ப்பு இரும்போட சொரசொரப்புல தங்காம எண்ணெய் வழிஞ்சு இறங்கும். வடிகால் ஓட்டைகள்ல சின்ன வலையை ஒட்டுவாங்க, மேல எதாவது உடைஞ்சா துண்டு கிராங்க்குக்குப் போகாம இருக்க. நடு ஓட்டைகள்ல நிமிர்ந்த குழாய் செருகுவாங்க, இறங்குற எண்ணெய் சுத்துற கிராங்க் மேல விழுந்து நுரைக்காம இருக்க. ஆனா அந்த எண்ணெய் வழியில கேம் மேல சொட்டிக்கிட்டு இருந்துச்சே? தட்டை அடி லிஃப்டர்காரர் குழாய் செருகினார்னா அவர் கேமுக்கு வந்த சொட்டு போச்சு. ஒருத்தனுக்கு நல்லது செஞ்சா இன்னொருத்தன் அழுவான், இந்த இன்ஜின்ல எந்த மூலையைத் தொட்டாலும் இதே பஞ்சாயத்துதான்.

தட்டை அடி கேம்களுக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் அடி விழுந்துது. ஜிங்க், பாஸ்பரஸ் கலந்த ஒரு சேர்மானம்தான் எண்ணெய்ப் படலம் கிழியுற இடத்துல உலோகத்தைக் காப்பாத்துது. பாஸ்பரஸ் புகைவழி கேட்டலிஸ்ட்டைக் கெடுக்குதுன்னு, 2004 கடைசியில வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்துல மெல்லிய கிரேடு எண்ணெய்களுக்கு 0.08 சதவீதம்னு உச்சவரம்பு வெச்சாங்க. ரோலர் லிஃப்டர் கார்களுக்கு ஒண்ணும் ஆகலை. பழைய இன்ஜின் வெச்சிருந்தவங்க புது கேமை வரிசையாத் தேய்ச்சாங்க. அதனால புது கேமை ஓட்டிப் பழக்குறதுக்குன்னே தனி எண்ணெய் விக்கிற வியாபாரம் வளர்ந்துது. பிரஷரும் சரி, ஓட்டமும் சரி, ஆனா எண்ணெய்க்குள்ள இருக்கிற பொருள் சரியில்ல.

பிரிட்டிஷ் பைக்குக்காரங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிடணும். பழைய டிரயம்ஃப் ட்வின்கள்ல ராக்கருக்கு எண்ணெய் வர்றது டேங்குக்குத் திரும்புற குழாயிலிருந்து பிரிச்ச ஒரு கிளை. அழுத்தம் பேருக்குத்தான். இதைப் பார்த்துப் பொறுக்காதவங்களுக்காக, அழுத்தம் இருக்கிற பக்கத்திலிருந்து நேரா ராக்கருக்கு இணைப்புக் கொடுக்கிற கிட் விக்கிறாங்க. மாட்டினா ராக்கர் குளிரக் குளிர எண்ணெயில மிதக்கும். வால்வு கைடு கொஞ்சம் தேஞ்சிருந்தா எண்ணெய் அதன் வழியா இறங்கி எரிஞ்சு, பின்னால வர்றவருக்கு நீலப் புகை. கூடவே கிராங்க்குக்குப் போற பங்குல கையும் வெச்சாச்சு. கம்பெனிக்காரன் முட்டாளா என்ன, அந்த ராக்கருக்கு அவ்வளவுதான் வேணும்னுதானே அப்படி வெச்சான்.

சரி, இன்ஜின் கட்டி முடிச்சவங்க முள்ளைத் தவிர வேற எதைப் பார்க்கிறது? ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே பார்த்துடலாம். செவ்ரலே ஸ்மால் பிளாக்னா டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டி, அந்த ஓட்டை வழியா பம்ப் ஷாஃப்டைப் பிடிக்கிற ஒரு கம்பியை விட்டு, டிரில் மெஷினால சுத்துவாங்க. அந்தக் கம்பியில டிஸ்ட்ரிபியூட்டர் அளவுக்கே ஒரு தடித்த காலர் இருக்கணும். ஏன்னா டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புதான் அங்க லிஃப்டர் கேலரியோட ஒரு சுவர். வெறும் கம்பியை விட்டா எண்ணெய் அந்த இடைவெளியிலேயே கொட்டிடும். செவ்ரலேன்னா டிரில் வலஞ்சுழி, ஃபோர்டுன்னா இடஞ்சுழி. மாத்திச் சுத்தினா எவ்வளவு நேரம் சுத்தினாலும் ஒண்ணும் வராது.

வால்வு கவரைக் கழட்டி வெச்சுட்டுச் சுத்தணும். ஒருத்தர் டிரில் பிடிக்கிறப்ப இன்னொருத்தர் கிராங்க்கை மெதுவாத் திருப்பிக்கிட்டே இருக்கணும், ஏன்னா லிஃப்டர் நிக்கிற உயரத்தைப் பொறுத்துத்தான் அதோட ஓட்டை கேலரிக்கு நேரா வரும். முதல் ராக்கர்கள்ல எண்ணெய் எட்டிப் பார்க்க சில நிமிஷம்கூட ஆகலாம். பதினாறுலயும் வரணும். பதினஞ்சுல வந்து ஒண்ணுல வரலைன்னா, மீட்டர்ல 60 நிக்குதேன்னு சமாதானம் பண்ணிக்காம அந்தப் புஷ்ராடை உருவி வெளிச்சத்துக்கு நேரா வெச்சு உள்ளே பார்க்கணும். புதுசா வாங்கின புஷ்ராடுலகூட உள்ள இரும்புத் துருவல் மாட்டியிருக்கும். கார்புரேட்டர் கிளீனரை ஒரு அடி அடிச்சு, காத்து விட்டு, திரும்ப மாட்டி, டிரில்லை மறுபடி பிடிக்க வேண்டியதுதான்.